கூழ் தேக்சாவில் விழுந்த கண்

அந்தச் சித்திரை மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. ஆள் கூட்டம் என்னவோ வழக்கம் போலத்தான். ஆனால் ஆளுக்கு ஒரு அலுமினியப் பாத்திரம் பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தது. குண்டான், தேக்சா, வடிதட்டு, அன்னக்கூடை என்று ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டே டிக்கெட் வாங்காமல் பயணம் செய்தது.

"எம்மா, அந்தத் தேக்சாவ மடியில வெச்சுக்கோ. பெரியவரு நின்னுக்கினு வர்றாரு பாரு" என்று கண்டக்டர் கத்தினார்.

"மடியில வெக்கக் கூடாதுங்க. அதுல கண்ணு விழுந்திருக்குது. எனக்கும் ஒட்டிக்கும்."

"கண்ணு இருந்தா அதுவே வழி பாத்து எறங்கிக்கும். நீ இன்னாத்துக்கும்மா கூட வர்ற?"

பஸ்ஸே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கையிலும் பாத்திரம் இருந்தது.

எல்லாரும் இறங்குகிற இடம் ஒன்றுதான். திண்டிவனத்துக்கு வெளியே, நெல் அரைப்பதை மறந்து வருஷக்கணக்கான ஒரு ரைஸ் மில். அதன் வாசலில் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் பேனர். 'பாத்திரம் பேசும்! பகை தெரியும்! புள்ளிச்சாமி தரிசனம்.' பேனரில் சாமியின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். ஒளிவட்டத்துக்குப் பின்னால் ஒரு பிரஷர் குக்கர். அது ஏன் அங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

புள்ளிச்சாமிக்கு ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரம் போதும். அதன் அடியில் ஊசியால் குத்தினது போலப் புள்ளி விழுந்திருக்கிறதா? முடிந்தது கதை. யாரோ கண் வைத்துவிட்டார்கள். பாத்திரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். புள்ளிகள் நெருங்கி இருந்தால் பெண் கண். தள்ளித் தள்ளி இருந்தால் பங்காளி கண். ஓரமாக இருந்தால் எதிர்வீடு. எதிர்வீடு இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீடு.

அவர் இமயமலையில் தவம் செய்தவர் என்று பேச்சு. விசாரித்துப் பார்த்ததில் பக்கத்தில் இருக்கிற பனமலை வரைக்கும் போய் வந்தது மட்டும் நிச்சயமாயிற்று.

தோஷம் பிடித்த பாத்திரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. மில்லின் பின்பக்கம் போட்டுவிட வேண்டும். முன்பக்கம் வந்து, சாமி மந்திரித்து அடுக்கிவைத்த பளபளக் குண்டானை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதற்குப் பேர் பரிகாரம். இதையே கடை வைத்துச் செய்தால் வியாபாரம் என்று சொல்லியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கூழ்க்கடை துரைக்கண்ணு தன் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

துரைக்கண்ணுவுக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே தள்ளுவண்டி. கேப்பைக் கூழ், மோர் மிளகாய், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் வெயிலுக்கு முன்னால் வந்து சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுப் போவார்கள். வண்டி அவனுடையது, விற்பது அவன் பெண்டாட்டி அம்சவள்ளி, கூழ் காய்ச்சுவது அவன் தங்கை அன்புச்செல்வி. புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து கூழ் கிண்டும் துடுப்பு அவள் கையில்தான்.

போன தீபாவளிக்கு, மொபெட்டில் பாத்திரம் விற்று வந்த ஒரு ஆள், "பழசு குடுத்தா புதுசு" என்று கூவினான். துரைக்கண்ணு வீட்டில் இருந்த கனத்த பழைய தேக்சாவைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி போல மின்னுகிற லேசான புதுத் தேக்சாவை வாங்கினான். கனமானது கிழவி, மின்னுவது குமரி என்று நினைப்பு. பொங்கல் தாண்டவில்லை. தேக்சாவின் அடியில் புள்ளிகள். சித்திரை பிறந்தபோது கூழ் சொட்டுச் சொட்டாக அடுப்பில் இறங்கி 'சுர்' என்றது.

வேறொருவன் என்றால் பாத்திரக்காரனைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்டிருப்பான். துரைக்கண்ணு பெண்டாட்டியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு சாமியாரைத் தேடிப்போனான்.

புள்ளிச்சாமி தேக்சாவை வெயிலில் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். பெருமூச்சு விட்டார். பெருமூச்சுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

"வெளியாள் இல்லடா மகனே. வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கினு இருக்குது. பொம்பள. பொட்டு அழிஞ்சவ."

பின்னால் நின்றிருந்த தங்கையைத் துரைக்கண்ணுவால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சாமிக்கு எப்படித் தெரிந்தது? அன்புச்செல்வி பொட்டில்லாத நெற்றியோடு அவருக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள் என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

"சாமி, அவ என் தங்கச்சிங்க. ஒரே தங்கச்சி."

"அதான் ருசு பாத்துட்டு முடிவு சொல்லுவேன். நான் யாரு மேலயும் அபாண்டம் சொல்லமாட்டேன்."

ருசு என்றால் இதுதான். மந்திரித்த புதுக் குண்டான் ஒன்று வாங்க வேண்டும். அதன் அடியில் சாமி கொடுக்கிற செப்புத் தகட்டைப் படுக்க வைக்க வேண்டும். மரக்காணத்து உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். சந்தேகப்படுகிற ஆள் பேரைச் சொல்லி, அந்த ஆளை எட்டிப் பார்க்கச் சொல்லி, மூடி வைக்க வேண்டும். அடுத்த பௌர்ணமிக்குத் திறந்தால், தகட்டைச் சுற்றிக் குண்டான் அரித்திருந்தால் குற்றம் உறுதி. சுத்தமாக இருந்தால் விடுதலை. கோர்ட்டில் வாய்தா என்று இழுப்பார்கள். இங்கே பதினைந்து நாளில் தீர்ப்பு.

பௌர்ணமி அன்றைக்குத் திருவக்கரை காளி கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டமும் சேர்ந்துகொண்டது. மில்லுக்குள்ளே மூச்சு விட இடமில்லை. துரைக்கண்ணுவுக்கு முன்னால் மல்லாட்டை மண்டி முதலாளி நெடுஞ்செழியன் நின்றார். அந்தக் காலத்துப் பகுத்தறிவு மேடைப் பேச்செல்லாம் கேட்டு அவர் அப்பா ஆசையாக வைத்த பேர். பேரை மட்டும்தான் பிள்ளை வாங்கிக்கொண்டது. அவருக்கு மருமகள் மேல் சந்தேகம். 'விசேஷ தரிசனம்' என்ற வாசல் வழியாக வந்திருந்தார். அவர் குண்டானைத் திறந்தார்கள். உள்ளே இருந்த தகட்டை எடுத்தார் சாமி. குண்டான் பளிங்கு போல இருந்தது.

"உன் மருமக மகாலட்சுமிடா!" என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்தது துரைக்கண்ணு. மூடியைத் திறந்ததும் அம்சவள்ளி "ஐயோ" என்றாள். தகட்டுக்கு அடியிலும் சுற்றியும் குண்டான் அம்மை போட்ட முகம் போலக் குழி குழியாக இருந்தது. குழிக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பாத்தியா? எரிச்ச கண்ணுக்குச் சாம்பல் வெள்ளையா பூத்துருக்குது. அமாவாசைக்குள்ள இவள வாசல் தாண்டி அனுப்பிடு. இல்லன்னா வண்டி நிக்காது, நீயும் நிக்கமாட்ட."

வெளியே வந்ததும் அம்சவள்ளிக்குத்தான் முதலில் வாய் திறந்தது. "இவளத் தொரத்திட்டா கூழ் யாரு கிண்டறது? சாமி வந்து கிண்டுவாரா?"

"வாய மூடு. சாமி காதுல விழப்போவுது" என்றான் துரைக்கண்ணு. பிறகு தங்கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "திருவெண்ணெய்நல்லூர்ல அத்த இருக்குது இல்ல செல்வி? கரும்பு வெட்டற கூட்டத்தோட சேத்துவுடும். கொஞ்ச நாளைக்குத்தான்."

அந்த அத்தை அவர்களுக்கு எந்த வழியில் அத்தை என்று அத்தைக்கே தெரியாது. கரும்புத் தோகையில் கை கிழிய, யாரோ வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக் கிடக்கிற வாழ்க்கை. கொஞ்ச நாள் என்று போனவர்கள் அப்படியே போனவர்கள்தான். துரைக்கண்ணுவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் தரையைப் பார்த்தான்.

அன்புச்செல்வி அழவில்லை. "அண்ணா, மண்டிக்காரரு தகட்ட பாத்தியா?" என்று கேட்டாள்.

"இன்னாத்த பாக்கறது?"

"அவரு தகட்டுக்கு பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருக்குது. லேமினேஷன். நமக்குக் குடுத்தது வெறும் தகடு."

"பெரிய மனுஷன். மழையில நனையக் கூடாதுன்னு போட்டுருப்பாரு."

"உப்புத் தண்ணியில ஊறப்போற தகட்டுக்கு மழ ஒண்ணுதான் கொறச்சலா?"

துரைக்கண்ணு விறுவிறுவென்று முன்னால் நடந்தான். ஆனால் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்பில் ஏறின முள் போலக் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் வண்டிக்குப் புனிதா வந்தாள். அன்புச்செல்வியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் உலோகங்களைச் சோதிக்கிற லேபில் வேலை. வேலைக்குப் போகும் முன் ஒரு சொம்பு கூழ் குடிக்காமல் போகமாட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மோர் மிளகாயைக் கடித்த வாயோடு சிரித்தாள்.

"செம்பையும் அலுமினியத்தையும் ஒட்டவெச்சு உப்புத் தண்ணியில போட்டா உலகத்துல எந்த வூட்டுலயும் அலுமினியம்தான் அரிக்கும். மகாலட்சுமி வந்து எட்டிப் பாத்தாலும் அரிக்கும்."

"தகடு வெக்கறதுக்கு முன்னாடியே தேக்சாவுல புள்ளி விழுந்துச்சே! அப்ப செம்பு ஏது?" என்று துரைக்கண்ணு மடக்கினான். மடக்கிவிட்ட சந்தோஷத்தில் தங்கை நினைப்பு ஒரு நொடி மறந்தே போயிற்று.

"நல்ல கேள்விண்ணே. தேக்சா மூடி இருக்குதா?" மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அலுமினியத்துக்குத் தானாவே மேல ஒரு தோலு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தோலு இருக்கிற வரைக்கும் கூழு இன்னா பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. ஆனா உருக்கும்போது உள்ள இரும்புத் துணுக்கு, செம்புத் துணுக்கு கலந்துருச்சுன்னு வெச்சுக்கோ, அந்த எடத்துல தோலு சரியா மூடாது. நீங்க ராத்திரி முழுக்க உப்பும் புளிப்புமா கூழ ஊத்தி வெக்கிறீங்க. உப்பு அந்தச் சந்துலதான் பூந்துக்கும். துணுக்கு அப்படியே இருக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்கிற அலுமினியம்தான் கரையும். சொத்தப் பல்லு மாதிரி. மேல ஊசி முனை, உள்ள பெரிய குழி."

"அப்ப எங்க பழைய தேக்சா மட்டும் ஏன் அரிக்கல? அதுலயும் இதே கூழுதான் ஊத்துனோம்" என்றாள் அம்சவள்ளி.

"அது சுத்தமான சரக்கா இருந்திருக்கும். கேப்பையில கல்லு இருந்தா களியில கடிபடும். யாரு கிண்டுனாங்கன்னு பாத்தா கடிபடுது?"

அம்சவள்ளிக்குப் புரிந்தது. துரைக்கண்ணுவுக்கும் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, பயம் போவது வேறு. "நீ படிச்ச பொண்ணு, ஆயிரம் சொல்லுவ. சாமி வாக்கு பொய்யாகுமா?"

அதற்குப் புனிதா பதில் சொல்லும் முன் அன்புச்செல்வி சொன்னாள். "யாரு சொல்றதையும் நம்பாத அண்ணா. அவ சொல்றதையும் நம்பாத. அமாவாச வரைக்கும் டைம் இருக்குது. நீயே பாரு."

அம்சவள்ளி மில்லுக்குப் போய், சாமி மந்திரித்த அடுக்கிலிருந்தே இரண்டு சின்னக் குண்டான் வாங்கி வந்தாள். ஒரே அச்சு, ஒரே மினுக்கு. சாமி கொடுத்த செப்புத் தகட்டை அன்புச்செல்வி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், ரேஷன் கார்டுக்குப் போடுகிறது போல லேமினேஷன் போட்டு வாங்கினாள். அதை முதல் குண்டானில் வைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, தன் பேரைத் தானே சத்தமாகச் சொன்னாள். குண்டானை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டாள். எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பாள். துடுப்பு பிடித்துக்கொண்டே அதை முறைப்பாள். "நல்லா அரிச்சுக்கோ ராசா" என்று வேறு சொல்லுவாள்.

இரண்டாவது குண்டான் பஞ்சர் கடை சவுரிராயனிடம் போனது. சவுரிராயன் துரைக்கண்ணுவின் கூட்டாளி. பைபாஸ் ஓரம் தனிக் கட்டையாக டயரோடு டயராகக் கிடக்கிறவன். எரிந்துபோன மோட்டார் ஒன்றிலிருந்து உருவின செம்புக் கம்பியைச் சுருட்டி, மந்திரம் மாயம் ஒன்றும் இல்லாமல் குண்டானில் போட்டு, அதே உப்பைக் கரைத்து ஊற்றி, டயர் அடுக்குக்கு மேலே தூக்கி வைத்தான்.

துரைக்கண்ணு இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்து பார்த்தான். முதலில் தங்கையின் குண்டானைப் பார்த்துவிட்டு சவுரிராயன் கடைக்குப் போவான். மூடியைத் தூக்குவான். முகம் மாறும். மறுபடி வீட்டுக்கு வந்து பார்ப்பான்.

"மச்சான், வண்டியப் பாரு. குண்டான் எங்கயும் ஓடிப்போவாது" என்றான் சவுரிராயன்.

அமாவாசை வந்தது. துரைக்கண்ணு இரண்டு குண்டானையும் துணியில் கட்டித் தள்ளுவண்டியில் வைத்தான். பக்கத்தில் அன்புச்செல்வியின் துணிப்பையும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவனே கட்டி வைத்தது. அம்சவள்ளி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அன்புச்செல்வி பையை ஓரமாக நகர்த்திவிட்டு வண்டியைத் தள்ளக் கை கொடுத்தாள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

சவுரிராயனும் புனிதாவும் கூட வந்தார்கள். மில்லில் கூட்டமோ கூட்டம். துரைக்கண்ணு இரண்டு குண்டானையும் சாமிக்கு முன்னால் வைத்தான். சாமியைச் சோதித்தால் நாக்கு அழுகும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அவன் பொய் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கேட்கத்தான் போகிறான்.

"சாமி, மறுபடியும் ருசு பாத்தேன். ரெண்டு குண்டான். எது எதுல யாரு கண்ணு, நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

சாமி முதலில் சவுரிராயன் கடைக் குண்டானைத் திறந்தார். செம்புக் கம்பி, பிளாஸ்டிக் தகடு இரண்டையும் முன்பே எடுத்தாகிவிட்டது. கம்பி கிடந்த இடமெல்லாம் குழி. ஒரு இடத்தில் அடியே ஓட்டை. சாமிக்கு முகம் மலர்ந்தது.

"இதுல சந்தேகம் வேறயா? உன் தங்கச்சிதான்! பாரு, இது அவ பார்வ பட்ட எடம். இது அவ மூச்சு பட்ட எடம். பக்கத்துலயே உக்காந்துக்கினு பாத்துக்கினே இருந்திருக்கா!"

கூட்டம் "ச்ச்ச்" கொட்டியது.

"இந்த இன்னொண்ணு, சாமி?"

அதில் தேடித் தேடிப் பார்த்தால் அடியில் ஒன்றிரண்டு புள்ளிதான். மற்றபடி மினுக்குக் குறையவில்லை. "இது சுத்தம். இத அவ கண்ணுலயே காட்டல நீ. புத்திசாலி."

அந்த நிமிஷத்தில் துரைக்கண்ணுவுக்குள் ஏதோ ஒன்று முறிந்தது, அல்லது நிமிர்ந்தது.

"அதுதாங்க சாமி என் தங்கச்சி காலையில எழுந்து முழிக்கிற குண்டான்" என்றான்.

"சாமியோவ்!" என்று பின்னால் இருந்து சவுரிராயன் கத்தினான். "நீங்க மூச்சு பட்டுதுன்னு சொன்ன குண்டானு என் பஞ்சர் கடையில இருந்துச்சு! அங்க மூச்சு விடறது நானும் காத்து போன டியூப்பும்தான். எந்தப் பொம்பளையும் எட்டிப் பாக்கல. பாத்திருந்தா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர்.

"மூடர்களே! அவ கண்ணு சாதாரணக் கண்ணா? ஊரு தாண்டிப் பாயற கண்ணு!"

கூட்டத்தில் சில தலைகள் ஆமாம் என்று ஆடின. தலைகளுக்கு ஆடித்தான் பழக்கம்.

அன்புச்செல்வி முன்னால் வந்தாள். "அடுப்படியில எம் மூஞ்சிக்கு நேரா இருந்த குண்டான வுட்டுட்டு, பைபாஸ் வரைக்கும் ஏன் சாமி பாயணும்? சரி. இப்ப உங்க எதிர்லயே நிக்கிறேன். நீங்க மந்திரிச்சு அடுக்கின குண்டானு அம்புட்டையும் மொறச்சுப் பாக்கறேன். ஒண்ணே ஒண்ணு ஓட்டையாவட்டும். நானே பைய எடுத்துக்கினு கெளம்பிடறேன்."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு குண்டான் அடுக்கை முறைத்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. குண்டான்கள் முறைப்பைத் திருப்பிக் கொடுத்தன. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் கொஞ்சம் உத்துப் பாரும்மா, எனக்குப் பயமா இருக்குது" என்றான் கூட்டத்தில் ஒருவன். மறுபடி சிரிப்பு. சாமி கழுத்துக்கு வியர்த்தது.

அப்போதுதான் சவுரிராயன் இடுப்பிலிருந்து கயிறு கட்டின ஒரு காந்தத்தை எடுத்தான். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. கடை வாசலில் கிடக்கிற ஆணிகளைப் பொறுக்க வைத்திருப்பது. பொறுக்காவிட்டால் வியாபாரம் இன்னும் நன்றாக நடக்கும். ஆனால் அவன் சாமியார் இல்லையே.

"டியூப்புல ஓட்டைன்னு வந்தா நான் ஆணி எங்கன்னு தேடுவேன். யாரு கண்ணுன்னு தேடமாட்டேன். இங்கயும் தேடிப் பாப்பமே." காந்தத்தை மந்திரித்த குண்டான் மேல் உருட்டினான். வழுக்கிக்கொண்டே போன காந்தம் அடியில் ஒரு இடத்தில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

"சக்தி! சக்தி இழுக்குது!" என்று சாமி துள்ளினார். நாலைந்து பேர் கும்பிடக் கையும் எடுத்துவிட்டார்கள்.

"அலுமினியத்துல காந்தம் ஒட்டாதுங்க" என்றாள் புனிதா. "இந்தக் கூட்டத்துலயே பழைய குண்டான் எத்தினி இருக்குது! வெச்சுப் பாருங்க."

கோவிந்தம்மாள் என்ற ஒரு அம்மா, தன் கல்யாணத்துக்கு வாங்கின கனத்த குண்டானை நீட்டினாள். காந்தம் எங்கேயும் நிற்காமல் வழுக்கி விழுந்தது. சாமியின் குண்டானில் மறுபடி 'டக்'. சவுரிராயன் அந்த இடத்தை ஸ்குரு டிரைவரால் நெம்பினான். கறுப்பாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"சக்திக்குத் தல தட்டையா, ஒடம்பு கட்டையா இருக்குது பாருங்க. தேக்சாவுக்குக் காது மாட்டுவாங்களே, அந்த ரிவெட்டு ஆணி. அலுமினியம் உருகியிருக்குது, இரும்பு உருகாம அப்படியே மாட்டிக்கினு இருக்குது."

அந்த நொடியில் எல்லார் மண்டையிலும் ஒரே கேள்வி. மில்லின் பின்பக்கம் நாம் போட்ட பாத்திரமெல்லாம் எங்கே போகிறது?

கூட்டம் பின்பக்கம் ஓடியது. அங்கே ஒரு குட்டி யானை மினி லாரி நின்றது. ஒருவன் தோஷப் பாத்திரங்களைச் சம்மட்டியால் நசுக்கி நசுக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். காது, ரிவெட்டு, காதில் சுற்றியிருந்த செம்புக் கம்பி, எதையும் கழற்றவில்லை. துரைக்கண்ணு அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"டேய்! தீவாளிக்கு மொபெட்டுல வந்து தேக்சா வித்தவன் நீதானே?"

அவன்தான். சாமியின் மச்சான். பாத்திரம் உருக்கி வார்க்கிற பட்டறை அவனுடையது. சாமியின் பேர் ஆனந்தராஜ். தவம் செய்யப் போகும் முன்பு இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் பாத்திரம் விற்றவர்கள். பாத்திரம் சீக்கிரம் ஓட்டையாகிறது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தபோதுதான் ஆனந்தராஜுக்கு ஞானம் பிறந்தது. ஓட்டைக்குக் காரணம் சரக்கு என்றால் அடி விழும். கண் என்றால் காணிக்கை விழும். மக்கள் கொண்டுவந்து போட்ட தோஷத்தை உருக்கி, அதில் இரும்பும் செம்பும் இன்னும் கொஞ்சம் கலந்து, மக்களுக்கே மந்திரித்து விற்றார்கள். முன்னதைவிட அது சீக்கிரம் அரித்தது. அரிக்க அரிக்க சாமிக்குப் பேர் ஏறியது. விசேஷ டிக்கெட் எடுத்த பெரிய வீடுகளுக்கு மட்டும், அரிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் ஒட்டின தகடு.

ஆனந்தராஜ் 'விசேஷ தரிசனம்' வாசல் வழியாக நழுவப் பார்த்தார். அந்த வாசலில் அம்சவள்ளி கூழ் துடுப்போடு நின்றிருந்தாள். போலீஸ் வருகிற வரைக்கும் அவர் தியானத்தில் உட்கார்ந்தார். அந்த ஒரு தியானம் மட்டும் நிஜம்.

நெடுஞ்செழியன் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுதான் விசேஷ டிக்கெட்டு எடுத்தீங்களா மொதலாளி?" என்று கேட்டது ஒரு குரல்.

அப்போது கோவிந்தம்மாள் சவுரிராயன் கையிலிருந்த காந்தத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எய்யா, என் மருமவ குண்டானையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுய்யா." அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு சாமியை வண்டியில் ஏற்றும் முன்பே அடுத்த சாமிக்கு இடம் பார்த்துவிட்டார்கள்.

சவுரிராயன் பதறிப்போனான். "யக்கா, கும்புடாத! இது ஸ்பீக்கரு காந்தம். இந்தா, கையில புடி. நீயே வெச்சுப் பாரு. ஒட்டுச்சுன்னா வித்தவன் சட்டையப் புடி, மருமவ தலமயிரப் புடிக்காத."

துரைக்கண்ணு வண்டிக்கு வந்தான். துணிப்பை அதே இடத்தில் இருந்தது. அதை எப்படி எடுப்பது, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"வூட்டுக்குப் போலாமா செல்வி?"

"வர்றேன். ஆனா ஒண்ணு அண்ணா. இனிமே வூட்டுல எது ஓட்டையானாலும் மொதல்ல அதத் திருப்பிப் பாரு. அப்புறமா எம் மூஞ்சியப் பாரு."

அவன் தலையை ஆட்டவில்லை. ஆட்டினது போதும் என்று இருந்தது. பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினான்.

கூட்டமும் கலைந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தில் இரும்பு கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் காந்தம் போதும். மண்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் எந்தப் பட்டறையிலும் காந்தம் செய்யவில்லை. அதை அவரவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.